வேறு மாநில நண்பருக்குப் பழைய ரைஃபிள்களைக் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் அலமாரியிலோ நிலவறையிலோ இரண்டு மூன்று பழைய ரைஃபிள்கள் கிடக்கும் வீடுகள் ஏராளம். வயதாகிவிட்டது, வீடு மாறப்போகிறோம், பிள்ளைகளுக்கு அதில் நாட்டமில்லை. இன்னொரு மாநிலத்தில் இருக்கும் நண்பரோ அவற்றைக் கண்ணும் கருத்துமாக வைத்துக்கொள்வார். 'அவருக்கே கொடுத்துவிடலாமே' என்று தோன்றுவது இயல்புதான். தாராளமாகக் கொடுக்கலாம், சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் எந்த வழியாகக் கொடுக்க வேண்டும் என்பதில் சட்டம் கறாராக இருக்கிறது. அது தெரியாமல் நல்ல மனதோடு செய்த காரியம் குற்ற வழக்காகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பக்கம்.

இங்கே இருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். மாநில விதிகள் இதற்கு மேல் வரும், அவை அடிக்கடி மாறவும் செய்யும். அதனால் கொடுப்பவர் மாநிலம், வாங்குபவர் மாநிலம் இரண்டின் விதிகளையும் அன்றைய நிலவரப்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் விற்கவில்லை, சும்மாதான் கொடுக்கிறேன். அதற்குமா சட்டம்?

ஆமாம். உரிமம் இல்லாத ஒருவர், வேறு மாநிலத்தில் வசிக்கும் உரிமம் இல்லாத இன்னொருவருக்குத் துப்பாக்கியை விற்பதோடு சட்டத்தின் தடை நின்றுவிடவில்லை. பண்டமாற்று செய்வது, அன்பளிப்பாகக் கொடுப்பது, கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்துத் தடுக்கிறது. காசு கைமாறவில்லை என்பது இங்கே எடுபடாது. கொடுத்தவர் மீது ஒரு பிரிவு, வெளிமாநிலத்தில் பெற்ற துப்பாக்கியைத் தன் மாநிலத்துக்குக் கொண்டுவந்தவர் மீது இன்னொரு பிரிவு. தெரிந்தே மீறினால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அதாவது நண்பருக்குப் பரிசு கொடுக்கப்போய் அவரையும் சேர்த்து மாட்டிவிடுகிறோம்.

இந்த விதி வந்த கதையைத் தெரிந்துகொண்டால் அதன் போக்கு புரியும். 1963இல் அதிபர் கென்னடியைச் சுட்ட லீ ஹார்வி ஆஸ்வால்ட், அந்த இத்தாலிய கார்கானோ ரைஃபிளைச் சிகாகோவில் இருந்த ஒரு கடையிலிருந்து பொய்ப் பெயரில் தபாலில் வரவழைத்திருந்தார். தொலைநோக்கியோடு சேர்த்து விலை 19.95 டாலர். யார் வாங்குகிறார் என்று யாரும் முகம் பார்க்கவில்லை. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அந்த அக்டோபரில் அதிபர் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநில எல்லையைத் தாண்டும் துப்பாக்கி உரிமம் பெற்ற ஒருவர் கை வழியாகத்தான் போக வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

சரி, முறையான வழி என்ன?

நண்பரின் மாநிலத்தில் இருக்கும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்கு ரைஃபிளை அனுப்புவது. அந்தக் கூட்டாட்சி உரிமத்தை எல்லோரும் எஃப்.எஃப்.எல். என்றே சொல்கிறார்கள். உரிமம் வைத்திருக்கும் கடையையும் அதே பெயரில்தான் அழைக்கிறார்கள்.

கடையைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நண்பரிடமே விட்டுவிடுங்கள், போய் வரப்போகிறவர் அவர்தானே. அவர் தன் ஊர்க் கடைக்குப் போன் செய்து மூன்று விஷயம் கேட்க வேண்டும். தனிநபர் அனுப்பும் துப்பாக்கியை வாங்கிக்கொள்வீர்களா? ஒரு துப்பாக்கிக்குக் கட்டணம் எவ்வளவு? பெட்டிக்குள் என்னென்ன தாள்கள் இருக்க வேண்டும்? முதல் கேள்வி முக்கியம், ஏனென்றால் சில கடைகள் இன்னொரு கடையிடமிருந்து மட்டும்தான் வாங்குவார்கள். அப்படிப்பட்ட கடையாக இருந்தால், உங்கள் ஊர்க் கடை ஒன்றில் ஒப்படைத்து, கடைக்குக் கடை அனுப்பச் சொல்லலாம். செலவு கொஞ்சம் கூடும்.

கட்டணம் ஊருக்கு ஊர் வேறுபடும். ஒரு துப்பாக்கிக்கு 20 முதல் 50 டாலர் வரை கேட்பது வழக்கம். பல துப்பாக்கிகள் சேர்ந்து வந்தால் இரண்டாவதிலிருந்து குறைத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

துப்பாக்கி கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் கடைக்காரர் அதைத் தன் பதிவேட்டில் உங்களிடமிருந்து வந்ததாக எழுதிக்கொள்வார். நண்பர் நேரில் போய் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அங்கேதான் பலருக்கு ஒரு சின்ன முட்டுக்கட்டை: அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டையில், அல்லது அதோடு சேர்த்துக் காட்டும் வேறொரு அரசு ஆவணத்தில், இப்போது குடியிருக்கும் முகவரி இருக்க வேண்டும். வீடு மாறி ஆறு மாதமாகியும் ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரியே இருந்து, அப்படி வேறு ஆவணமும் இல்லாவிட்டால் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். துப்பாக்கி கிளம்புவதற்கு முன்பே நண்பரை அட்டையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

படிவம் முடிந்ததும் பின்னணிச் சோதனை. 1998 நவம்பர் முதல் எஃப்.பி.ஐ. நடத்திவரும் தேசிய உடனடிச் சோதனை முறை வழியாகவோ, சில மாநிலங்களில் மாநில அமைப்பு வழியாகவோ நடக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் 'மேலே போகலாம்' என்று பதில் வந்துவிடும். 'தாமதம்' என்று வந்தால் மூன்று வேலை நாள் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். நண்பர் 21 வயதுக்குக் கீழ் என்றால் 2022 சட்டத்தின்படி இந்தக் காத்திருப்பு பத்து வேலை நாள் வரை நீளலாம்.

தபாலில் அனுப்பலாமா? எப்படிக் கட்டுவது?

ரைஃபிளையும் ஷாட்கன்னையும் தனிநபர் ஒருவர் எந்த மாநிலத்தில் உள்ள உரிமம் பெற்ற கடைக்கும் அமெரிக்க அஞ்சல் துறை வழியாக அனுப்பலாம். கைத்துப்பாக்கிக்கு விதி வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரிய தனியார் கூரியர் நிறுவனங்கள் தனிநபர்களிடமிருந்து துப்பாக்கி வாங்குவதை அநேகமாக நிறுத்திவிட்டன, உரிமம் உள்ளவர்களோடு மட்டும் ஒப்பந்தம் வைத்துக்கொள்கின்றன. எனவே உங்களுக்கு அஞ்சல் அலுவலகம், அல்லது உங்கள் ஊர்க் கடை.

முதல் வேலை, தோட்டா இல்லை என்று உறுதிப்படுத்துவது. மேகசினைக் காலி செய்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் உலோகத் தண்டு) பின்னால் இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். பல ஆண்டுகள் மூலையில் கிடந்த துப்பாக்கிக்குள் என்ன இருக்கிறது என்று ஞாபகத்தை நம்பிச் சொல்லக் கூடாது. பிறகு போல்ட்டைக் கழற்றித் தனியே குமிழ் உறையில் சுற்றி அதே பெட்டிக்குள் வையுங்கள். பழைய ராணுவ ரைஃபிள்களில் கைப்பிடி நேராக நீட்டிக்கொண்டிருக்கும். கழற்றாமல் விட்டால் வழியில் அட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துருப்பிடிக்காமல் இருக்கக் காஸ்மோலின் என்ற கொழுப்பு பூசிய துப்பாக்கியாக இருந்தால் முதலில் பிளாஸ்டிக் தாளில் சுற்றுங்கள், அந்தப் பிசுக்கு அட்டையில் ஊறி வெளியே தெரியும். குழல் முனையிலும் கட்டையின் அடிப்பகுதியிலும் மெத்தை தடிமனாக இருக்கட்டும், அடி விழுவது அந்த இரண்டு இடத்தில்தான். பிளாஸ்டிக் கேஸ், அதைச் சுற்றி ஒரு சாதாரண அட்டைப்பெட்டி என்று இரண்டு அடுக்காகக் கட்டுவது நல்லது.

பெட்டிக்குள் ஒரு தாளில் உங்கள் பெயர், முகவரி, நண்பரின் பெயர், போன் எண், துப்பாக்கியின் விவரம், வரிசை எண் எழுதி, உங்கள் ஓட்டுநர் உரிமத்தின் நகலையும் வையுங்கள். வெளியே துப்பாக்கி என்று காட்டும் எந்தச் சொல்லும் குறியும் கூடாது. பெறுநர் பெயரில் கடையின் பெயர்தான் வர வேண்டும், நண்பரின் பெயர் அல்ல. கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் சேவையும் காப்பீடும் எடுங்கள். தோட்டாவை ஒன்றுகூட உள்ளே வைக்காதீர்கள், அஞ்சலில் தோட்டா அனுப்பத் தடை இருக்கிறது.

அனுப்புவதற்கு முன் கடையின் உரிம நகலை வாங்கி, துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் ஏ.டி.எஃப். துறையின் இணையச் சரிபார்ப்பில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமம் செல்லுபடியாகிறதா, முகவரி சரிதானா என்பது உடனே தெரிந்துவிடும்.

நானே காரில் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம், நண்பர் கையில் கொடுக்கத்தான் கூடாது. நேராக அவர் ஊர்க் கடைக்குப் போய் இருவரும் கவுண்டரில் நின்று முடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், தூரம் அதிகமில்லை என்றால் இதுதான் ஆகச் சிறந்த வழி. பெட்டி கட்டும் தொல்லை இல்லை, வழியில் உடைவது தொலைவது இல்லை, நண்பரையும் பார்த்தது போல ஆகும்.

வழியில் கடக்கும் மாநிலங்களின் விதிகள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. 1986 சட்டம் ஒன்று, புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் நீங்கள் சட்டப்படி அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க முடியும் என்றால், இடையில் உள்ள மாநிலங்களைக் கடந்து செல்லப் பாதுகாப்பு தருகிறது. தோட்டா ஏற்றியிருக்கக் கூடாது, துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத வண்டியாக இருந்தால் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். முன்பக்க டேஷ்போர்டு அறை அந்தக் கணக்கில் சேராது. இது கடந்து செல்வதற்கான பாதுகாப்புதான். நடுவில் ஒரு மாநிலத்தில் உறவினர் வீட்டில் நான்கு நாள் தங்கிவிட்டு அதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

விமானம் என்றால் பூட்டிய கெட்டிப் பெட்டியில், தோட்டா இல்லாமல், செக்-இன் சாமானாக, கவுண்டரில் அறிவித்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும்.

நண்பர் என்னைப் பார்க்க இங்கே வருகிறார். இங்கேயே கொடுத்துவிடலாமா?

வீட்டில் வைத்துக் கொடுக்க முடியாது. உங்கள் ஊர்க் கடைக்கு அழைத்துப் போகலாம். ரைஃபிளையும் ஷாட்கன்னையும் வெளிமாநிலத்தவருக்கு நேரில் கொடுக்கக் கடைக்கு அனுமதி உண்டு, இரு மாநிலச் சட்டங்களும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதே நிபந்தனை. கைத்துப்பாக்கிக்கு இந்த வசதி இல்லை. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் தங்கள் மக்கள் வெளியே பெறும் துப்பாக்கி உள்ளூர்க் கடை வழியாகத்தான் வர வேண்டும் என்கின்றன. நண்பர் அப்படிப்பட்ட மாநிலத்தவர் என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

'ரொம்பப் பழைய துப்பாக்கிக்கு விதியே இல்லை' என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ தயாரான துப்பாக்கி, கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் பழம்பொருள். 1968 சட்டம் சொல்லும் 'துப்பாக்கி' என்ற வரையறைக்குள்ளேயே அது வராது. கடை வேண்டாம், படிவம் வேண்டாம், நண்பர் வீட்டுக்கே நேரடியாக அனுப்பலாம்.

அதில் கவனிக்க வேண்டியது தயாரான ஆண்டு. மாடலின் பெயரில் உள்ள ஆண்டு அல்ல. வின்செஸ்டர் 1894 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1897இல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது பழம்பொருள், 1950இல் வந்தது சாதாரணத் துப்பாக்கி. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். வரிசை எண்ணை வைத்துத்தான் ஆண்டைக் கண்டுபிடிக்க முடியும். சுவீடன் ராணுவத்தின் மவுசர் ரைஃபிள்களில் இந்தச் சிரமம் இல்லை, துப்பாக்கியின் நடுப்பகுதியான ரிசீவரின் வளையத்தின் மேலேயே ஆண்டைப் பொறித்திருப்பார்கள். 1898 என்றால் நேராகத் தபாலில் போகலாம், 1899 என்றால் கடைக்குப் போக வேண்டும். ஓராண்டில் இவ்வளவு வித்தியாசமா என்றால், ஆமாம், கோடு அங்கேதான் கிழித்திருக்கிறது.

இதில் பார்க்க வேண்டியது ரிசீவரின் வயதைத்தான். போல்ட் ஓடும், வரிசை எண் தாங்கும் அந்த நடுப்பகுதியைத்தான் சட்டம் துப்பாக்கி என்கிறது. பின்லாந்து 1940களில் கட்டிய எம்39 ரைஃபிள்கள் பலவற்றில் ரஷ்யாவின் 1890களைச் சேர்ந்த ரிசீவர்களை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வெளியே 1942 என்று இருக்கும். மரக்கட்டையைக் கழற்றி, ரிசீவரின் வால்பகுதியைத் திருப்பிப் பார்த்தால் 1896 என்றிருக்கும். அது பழம்பொருள்தான். இப்படிப்பட்டதைக் கொடுப்பதாக இருந்தால் அந்தப் பொறிப்பைத் தெளிவாகப் போட்டோ எடுத்து நண்பருக்கும் கொடுங்கள், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு போலீஸ்காரருக்கு வெளியில் தெரியும் 1942 மட்டும்தான் கண்ணில் படும்.

உண்மையான பழம்பொருளுக்கு இன்றும் கடையில் தோட்டா கிடைக்கிறதா இல்லையா என்பது பொருட்டல்ல. நகல்களுக்குத்தான் அந்தக் கேள்வி வரும். கருமருந்து போட்டு வாய்வழியாக நிரப்பும் துப்பாக்கி, நவீனத் தோட்டாவைப் போட முடியாதபடி இருந்தால், நேற்றுத் தயாரானதாக இருந்தாலும் அதே விலக்கில் வரும்.

இந்த விலக்கு கூட்டாட்சிச் சட்டத்துக்கு மட்டும். சில மாநிலங்கள் பழம்பொருளையும் துப்பாக்கியாகவே பார்க்கின்றன.

'சி அண்ட் ஆர்' உரிமம் என்றால் என்ன? நண்பரிடம் அது இருக்கிறது.

அப்படியானால் உங்கள் வேலை சுலபம். அது சேகரிப்பாளருக்கான கூட்டாட்சி உரிமம், 03 வகை. கட்டணம் 30 டாலர், மூன்று ஆண்டு செல்லும். குறைந்தது ஐம்பது ஆண்டு பழைய, மூல வடிவம் மாறாத துப்பாக்கிகளை இந்த உரிமம் உள்ளவர் வேறு மாநிலத்திலிருந்தும் தன் உரிம முகவரிக்கே நேரடியாக வரவழைத்துக்கொள்ளலாம். அவர் கையெழுத்திட்ட உரிம நகலை உங்களுக்கு அனுப்புவார், நீங்கள் அந்த முகவரிக்கு அனுப்புவீர்கள், அவர் தன் பதிவேட்டில் உங்கள் பெயரோடு எழுதிக்கொள்வார்.

எம்1 கேரண்ட், மோசின் நகந்த், லீ என்ஃபீல்டு போன்ற பழைய ராணுவ ரைஃபிள்கள் எல்லாம் இதில் வரும். மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் 1960களில் செய்த 2ஏ1 ரைஃபிள்களும் வரும். நம் ஊரில் என்.சி.சி.யில் .303 பிடித்த தலைமுறை அந்த உருவத்தைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொள்ளும். அவை இறக்குமதியாகி இங்கே பலர் கையில் இருக்கின்றன.

மூல வடிவம் என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு காலத்தில் ராணுவ ரைஃபிளை மலிவாக வாங்கி, முன்கட்டையை வெட்டி, தொலைநோக்கிக்கு ஓட்டை போட்டு, மான் வேட்டைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது இங்கே வழக்கமாக இருந்தது. அப்படி வெட்டியது எண்பது ஆண்டு பழையதாக இருந்தாலும் வயதை மட்டும் காட்டி இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. அது கடை வழியாகத்தான் போக வேண்டும்.

நண்பர் ஒன்றிரண்டு துப்பாக்கிக்கு மேல் வாங்கப்போகிறவர், பழைய துப்பாக்கிகளில் உண்மையான ஈடுபாடு உள்ளவர் என்றால் இந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்வேன். கலிஃபோர்னியா போன்ற இடங்களில் இதோடு மாநிலச் சான்றும் வேண்டும்.

துப்பாக்கியைப் பகுதி பகுதியாகப் பிரித்து அனுப்பினால்?

கட்டை, குழல், போல்ட், குறிபார்க்கும் சைட் இவற்றை நண்பருக்கு நேரடியாக அனுப்பலாம். ரிசீவர் மட்டும் துப்பாக்கிதான், அது கடைக்குத்தான் போக வேண்டும். பிரித்ததால் எதுவும் மிச்சமாகாது.

அப்பா மகனுக்குக் கொடுத்தாலும் இதே விதியா?

இதே விதிதான், பலருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். ஃபுளோரிடாவில் இருக்கும் அப்பா டெக்சாசில் இருக்கும் மகனுக்குத் தாத்தாவின் ரைஃபிளை உயிரோடு இருக்கும்போது கொடுத்தால் கடை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அதே ரைஃபிளை உயிலில் எழுதிவைத்துவிட்டு இறந்துபோனால், மகன் கடை இல்லாமலே தன் மாநிலத்துக்குக் கொண்டுபோகலாம். உயில் இல்லாமல் வாரிசுரிமையாக வந்தாலும் அப்படியே. நண்பருக்கும் இந்த விலக்கு பொருந்தும், உயிலில் அவர் பெயர் இருந்தால் போதும். துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவருக்கு உயில் வழியாகவும் போக முடியாது, மாநிலப் பதிவு விதிகளும் அப்படியே நிற்கும்.

நாள்பட்ட நோயில் இருப்பவர்கள் உயிலில் பொதுவாக 'என் துப்பாக்கிகள்' என்று எழுதாமல், எந்த ரைஃபிள், எந்த வரிசை எண், யாருக்கு என்று தனித்தனியாக எழுதிவைப்பது நல்லது. பின்னால் வீட்டைக் காலி செய்யும் குடும்பத்துக்கு அது பெரிய உதவி.

எனக்கு இரண்டு மாநிலத்திலும் வீடு இருக்கிறது.

வசிப்பிடம் என்பது, அங்கே வாழ வேண்டும் என்ற எண்ணத்தோடு இருக்கும் மாநிலம். கோடையில் ஒரு மாநிலம், குளிர்காலத்தில் இன்னொரு மாநிலம் என்று உண்மையாகவே குடியிருந்தால், அந்தந்தக் காலத்தில் அந்தந்த மாநிலவாசிதான். அங்கே சொந்தமாக நிலம் மட்டும் இருந்தால் போதாது. வெளிமாநிலத்தில் படிக்கும் மாணவர், படிப்புக்காக அங்கே தங்கியிருக்கும் காலத்தில் அந்த மாநிலவாசியாகக் கருதப்படுவார். ஒரே மாநிலவாசிகள் இருவருக்குள் கொடுப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் கடை வழியாகத்தான் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கலிஃபோர்னியா, கொலராடோ, ஓரிகன், வாஷிங்டன், நியூயார்க் போன்ற மாநிலங்கள் பொதுவாக அதற்கும் சோதனை கேட்கின்றன.

நண்பர் பணம் அனுப்புகிறேன், அங்கே மலிவு, உன் பெயரில் ஒன்று வாங்கி அனுப்பு என்கிறார்.

வேண்டாம். இது அன்பளிப்பே அல்ல. 4473 படிவம், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று கேட்கும். இன்னொருவர் பணத்தில் இன்னொருவருக்காக வாங்கிவிட்டு 'ஆம்' என்று எழுதுவது பொய். வர்ஜீனியாவில் ஒருவர் தன் மாமாவுக்காக அவர் பணத்தில் கைத்துப்பாக்கி வாங்கினார். பென்சில்வேனியாவில் இருந்த அந்த மாமா துப்பாக்கி வைத்துக்கொள்ள எல்லாத் தகுதியும் உள்ளவர், கைமாற்றியதும் முறையாகக் கடை வழியாகத்தான். அப்படியிருந்தும் குற்றம் குற்றமே என்று 2014இல் அப்ராம்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2022 சட்டம், தகுதி இல்லாதவருக்காகவோ குற்றச் செயலுக்காகவோ இப்படி வாங்கிக்கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கி 15 ஆண்டு வரை தண்டனை வைத்திருக்கிறது.

உங்கள் சொந்தப் பணத்தில் பரிசாக வாங்குவது வேறு, அது செல்லும். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பழைய ரைஃபிளுக்கு இந்தச் சிக்கலே எழாது.

நண்பர் எச்1பி விசாவில் இருக்கிறார். வாங்கலாமா?

நம் மக்கள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது. எச்1பி, எஃப்1, எச்4, பி2 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கப் பொதுவாகத் தடை உண்டு. விலக்குகளில் நடைமுறையில் பயன்படுவது ஒன்று: அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது கையில் இருந்தால் படிவத்தில் காட்டிப் பெறலாம். ஆனால் அந்த உரிமம் காலாவதியாகும் நாளில், அலமாரியில் சும்மா இருக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

துப்பாக்கிக் குற்றம் குடியேற்றச் சட்டத்தில் நாடு கடத்துவதற்கான காரணங்களில் ஒன்று, கிரீன் கார்டு இருந்தாலும் கூட. ஒரு குடிமகனுக்கு அபராதத்தோடு முடியக்கூடிய விஷயம், நம்மில் ஒருவருக்கு இருபது ஆண்டு வாழ்க்கையைக் கலைத்துவிடும். விசாவில் இருக்கும் நண்பருக்குக் கொடுப்பதை அவர் கிரீன் கார்டு வரும்வரை தள்ளிப்போடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். ரைஃபிள் எங்கேயும் ஓடிவிடாது.

நண்பரைப் பற்றி நான் விசாரிக்க வேண்டுமா?

நேரடியாகக் கேளுங்கள், சங்கடப்படாதீர்கள். ஓராண்டுக்கு மேல் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், குடும்ப வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டவர், அதற்கான நீதிமன்றத் தடையாணை உள்ளவர், மனநலக் காரணத்துக்காக நீதிமன்ற ஆணையால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் ஆகியோருக்குத் தடை உண்டு. கஞ்சா பயன்படுத்துவது பற்றியும் படிவம் கேட்கிறது. மாநிலத்தில் அது சட்டப்படி கிடைத்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் விடுதலை இல்லை என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது. தடை இருப்பது தெரிந்தோ, சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தோ நீங்கள் கொடுத்தால் அது உங்கள் மீதான குற்றம்.

நண்பர் மனம் உடைந்திருக்கும் காலமாக இருந்தால், சட்டத் தடை எதுவும் இல்லாவிட்டாலும் இப்போது கொடுக்காதீர்கள்.

மாநில விதிகளில் எதைப் பார்ப்பது?

வாங்குபவரின் மாநிலம் முன்கூட்டியே ஏதாவது அட்டை கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லினாயில் எஃப்.ஓ.ஐ.டி. எனப்படும் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை, நியூ ஜெர்சியிலும் மாசசூசெட்சிலும் அவரவர் அனுமதி, ஹவாயில் அனுமதியோடு பதிவும் வேண்டும். கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு உண்டு. அடுத்து, அந்த மாடலுக்கே தடை இருக்கிறதா என்று பாருங்கள். பழசு என்பதால் தப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரின் எம்1 கார்பைன் நியூ ஜெர்சியின் தடைப்பட்டியலில் பெயர் குறிப்பிட்டே இருக்கிறது. ஆனால் எம்1 கேரண்ட் வேறு துப்பாக்கி. பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சந்தேகம் வந்தால் வாங்கப்போகும் கடையையே கேளுங்கள், அவர்களுக்கு இது தினசரி வேலை.

தாத்தா போரிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கி ஒன்று. விசையை அழுத்தினால் தொடர்ந்து சுடும் வகை போலிருக்கிறது.

அதை எங்கேயும் அனுப்பாதீர்கள், காரிலும் ஏற்றாதீர்கள். இயந்திரத் துப்பாக்கிகளும், 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைஃபிள்களும், 18 அங்குலத்துக்குக் குறைந்த ஷாட்கன்களும் 1934 சட்டத்தின் கீழ் பதிவில் இருக்க வேண்டும். கைமாற்றுவதற்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். பதிவு இல்லாதவற்றைத் தண்டனைப் பயமின்றிப் பதிந்துகொள்ள 1968 நவம்பரில் ஒரு மாத கால மன்னிப்பு கொடுத்தார்கள். அப்போது பதியாததை இப்போது பதிய முடியாது. வீட்டில் பழைய காகிதங்களைத் துழாவி, பதிவுத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் முதலில் துப்பாக்கிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞருக்குப் போன் செய்யுங்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

துப்பாக்கியில் வரிசை எண்ணே இல்லை.

1968க்கு முன் தயாரான பல .22 ரைஃபிள்களிலும் மலிவு ஷாட்கன்களிலும் எண் போடவே இல்லை. அது குற்றமல்ல, கடைக்காரர் 'எண் இல்லை' என்று எழுதிக்கொள்வார். இருந்த எண்ணை அராவித் தேய்த்திருந்தால் அது வேறு விஷயம், அதை வைத்திருப்பதே குற்றம். நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

தோட்டாக்களையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

மாநிலம் தாண்டிய இந்தத் தடை தோட்டாவுக்கு இல்லை. நேரில் போகும்போது கொடுக்கலாம். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் அதற்கும் உரிமம் பெற்ற விற்பனையாளர் வேண்டும் என்கின்றன.

இந்த வேட்டைப் பருவத்துக்கு மட்டும் இரவல் கொடுத்தால்?

சட்டப்படியான வேட்டைக்கோ விளையாட்டுக்கோ தற்காலிகமாக இரவல் கொடுக்கச் சட்டமே இடம் தருகிறது. திரும்பி வர வேண்டும். 'இரவல்' என்று சொல்லிக் கொடுத்து நான்கு வருடம் அவர் வீட்டிலேயே இருந்தால் அது இரவல் அல்ல.

வரி ஏதாவது?

கூட்டாட்சி அன்பளிப்பு வரிக்கு 2025இல் ஒருவருக்கு 19,000 டாலர் வரை விலக்கு. பழைய ராணுவ ரைஃபிள்கள் அந்த விலையைத் தொடுவது மிக அரிது. ஆனாலும் தேதி, வரிசை எண், கடையின் பெயர் எழுதிய ஒரு தாளையும் கடை கொடுத்த ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் அந்தத் துப்பாக்கி திருடு போய் எங்காவது அகப்பட்டால், விசாரணை முதலில் உங்களைத் தேடி வரலாம்.

நண்பருக்குச் சோதனையில் 'மறுப்பு' வந்துவிட்டால்?

துப்பாக்கி கடையிலேயே இருக்கும், நண்பர் கையில் போகாது. மறுப்புக்கான காரணத்தைக் கேட்டு மேல்முறையீடு செய்ய அவருக்கு உரிமை உண்டு. அதே பெயர் கொண்ட வேறொருவரின் பதிவு குறுக்கே வந்ததாகவும் இருக்கலாம். காத்திருக்க விருப்பமில்லை என்றால் கடைக்காரரிடம் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் உங்கள் ஊர்க் கடைக்கு அனுப்புவார், நீங்கள் அங்கே போய் 4473 நிரப்பி உங்கள் துப்பாக்கியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டு பக்கக் கட்டணத்தையும் அனுப்பும் செலவையும் யார் ஏற்பது என்று துப்பாக்கி கிளம்பும் முன்பே நண்பரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.